கார்டுல இருந்து போஸ்ட் வரைக்கும்: போட்டோ வேலைய எந்த வரிசைல செய்யணும்?

புதுசா கேமரா வாங்கினவங்க பக்கத்துல உக்காந்து நிறைய எடிட் பண்ணிக் குடுத்தாச்சு. எந்த ஸ்லைடர் என்ன செய்யும்னு எல்லாருக்கும் ஓரளவு தெரியுது, எதை முதல்ல தொடணும்ங்கறதுலதான் மாட்டிக்கறாங்க. சாச்சுரேஷனை (கலரோட அடர்த்தி) ஏத்திட்டு அப்புறமா வைட் பேலன்ஸ் (வெள்ளைய வெள்ளையா காட்டற செட்டிங்) பக்கம் போவாங்க, கலர் கெட்டுப்போகும், திரும்ப சாச்சுரேஷனை இறக்குவாங்க, இப்ப போட்டோ இருட்டா தெரியும், எக்ஸ்போஷரை (மொத்த வெளிச்சம்) ஏத்துவாங்க, வானம் வெளுத்துப்போகும். ஒரு போட்டோவுக்கு ஒரு மணி நேரம் காலி.

லைட்ரூம், டார்க்டேபிள் மாதிரி ரா (கேமரா பதிஞ்சத அப்படியே வெச்சிருக்கற ஃபைல்) எடிட்டர்ல நீங்க எந்த வரிசைல ஸ்லைடரை நகத்தினாலும் சாஃப்ட்வேர் உள்ளுக்குள்ள தன்னோட வரிசைலதான் கணக்கு போடும். அப்ப வரிசை எதுக்குன்னா, நம்ம கண்ணுக்கு. முன்னாடி செஞ்சது தப்பா இருந்தா அதுக்கு மேல கண்ணு எடுக்கற ஒவ்வொரு முடிவும் தப்பாவே போகும். கீழ சொல்றது எல்லாம் இத வெச்சுதான்.

1. உக்கார்றதுக்கு முன்னாடி என்னென்ன வேணும்

ரா எடுக்கற கேமரா, இல்லேன்னா போன். சின்னதா ரெண்டு மெமரி கார்டு, பெருசா ஒண்ணு வாங்கறத விட இது நல்லது, ஒண்ணு செத்தா எல்லாமே போயிடாது. கம்ப்யூட்டரோ போனோ, கூட ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ்.

சாஃப்ட்வேருக்கு காசு குடுத்தே ஆகணும்னு இல்ல. டார்க்டேபிள், ரா தெரப்பி ரெண்டும் இலவசம், போன்ல ஸ்னாப்சீட் இருக்கு. லைட்ரூம் கத்துக்க ஈஸி, டார்க்டேபிள் முதல் வாரம் தலைய சுத்த வைக்கும், அப்புறம் பழகிடும். எதை எடுத்தாலும் ஒரு ஆறு மாசம் அதுலயே இருங்க, மாசத்துக்கு ஒரு சாஃப்ட்வேர் மாத்தறவங்க யாரும் முன்னேறி நான் பாத்ததில்ல.

அடுத்து ஸ்கிரீன். கம்ப்யூட்டர்லயும் போன்லயும் நைட் மோடு, கண்ணுக்கு இதமா மஞ்சளாக்கற செட்டிங், இதையெல்லாம் ஆஃப் பண்ணுங்க. நான் ஒரு தடவை ராத்திரி உக்காந்து 60 போட்டோ எடிட் பண்ணி முடிச்சு காலைல பாத்தா எல்லார் மூஞ்சியும் நீலம் பாரிச்சு கிடக்கு. ஸ்கிரீன் மஞ்சளா இருந்திருக்கு, கண்ணு அத சரி பண்ண போட்டோவ நீலமாக்கியிருக்கு. பிரைட்னஸும் அப்படித்தான், ஸ்கிரீன ஃபுல்லா ஏத்தி வெச்சு எடிட் பண்ணா அடுத்தவங்க பாக்கும்போது போட்டோ இருட்டா இருக்கும். பாதிக்கு கொஞ்சம் மேல வெச்சு, ஆட்டோ பிரைட்னஸ நிறுத்திட்டு, தினமும் அதே அளவுல வேலை செய்யுங்க.

2. கேமராவுல ஒரு தடவை மாத்தி வெச்சுட வேண்டியது

ஃபைல் டைப்ப ராவுக்கு மாத்துங்க, பயமா இருந்தா ரா பிளஸ் ஜேபெக். காரணம் ரொம்ப சிம்பிள், ஜேபெக்ல ஒரு கலர் சேனலுக்கு 256 படிதான் இருக்கு, 12 பிட் ராவுல 4096, 14 பிட்ல 16384. இருட்டுப் பகுதிய வெளிச்சமாக்கும்போது ஜேபெக் பட்டை பட்டையா கிழியறதும் ரா தாங்கறதும் இதனாலதான். வைட் பேலன்ஸும் ராவுல பூட்டப்படாது, பின்னாடி முழுசா மாத்திக்கலாம்.

ஹிஸ்டோகிராம (போட்டோல இருட்டு எவ்ளோ, வெளிச்சம் எவ்ளோன்னு காட்டற வரைபடம்) ஆன் பண்ணுங்க, கூடவே வெளுத்துப்போன இடம் மினுக் மினுக்குன்னு அடிக்கற ஹைலைட் அலர்ட்டும். கேமரா ஸ்கிரீன் வெயில்ல இருட்டா தெரியும், ராத்திரில பளிச்சுன்னு தெரியும், அத நம்பி எக்ஸ்போஷர் முடிவு பண்ணவே கூடாது.

கேமரா தேதி நேரத்த சரி பண்ணி வைங்க, பின்னாடி தேடறப்ப இதோட அருமை தெரியும்.

3. எடுக்கும்போதே முடிச்சுட வேண்டிய மூணு

எடிட்ல காப்பாத்த முடியாதது மூணு இருக்கு. ஃபோகஸ் தப்பினது, கை ஆடினது, முழுசா வெளுத்துப்போன வெள்ளை. மத்தது எல்லாத்துக்கும் ஏதோ ஒரு வழி இருக்கு.

கை ஆடறதுக்கு பழைய கணக்கு ஒண்ணு உண்டு, லென்ஸோட ஃபோக்கல் லெங்த் எவ்ளோவோ அதுல ஒண்ணு, அதாவது 50 எம்எம்னா ஷட்டர் (கேமரா வெளிச்சம் வாங்கற நேரம்) 1/50 செகண்ட், அத விட மெதுவா போகாதீங்க. ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேம விட சின்னது) சென்சார்னா 1.5ஆல பெருக்கி 1/80 பக்கம் வைங்க. ஸ்டெபிலைசேஷன் இருக்கே, 1/15லயே எடுக்கலாமேன்னு கேப்பாங்க. அது உங்க கை ஆடறதத்தான் சரி பண்ணும், எதிர்ல இருக்கறவர் தலைய ஆட்டினா அதுக்கு ஒண்ணும் பண்ணாது. சும்மா நிக்கற ஆளுக்கே 1/125 வேணும், ஓடற குழந்தைக்கு 1/500 இல்ல அதுக்கு மேல.

எல்ஈடி, டியூப்லைட் வெளிச்சத்துல போட்டோவுல குறுக்க கறுப்புப் பட்டை வருதுன்னா கேமரா ரிப்பேர் இல்ல. விளக்கு கரண்ட்டோட சேந்து துடிக்குது. 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இருக்கற இடத்துல 1/50 இல்ல 1/100, 60 ஹெர்ட்ஸ்னா 1/60 இல்ல 1/120 வெச்சுப் பாருங்க, பெரும்பாலும் போயிடும்.

எக்ஸ்போஷர்ல புதுசா வர்றவங்க தடுக்கி விழற இடம் மீட்டர். கேமரா மீட்டர் எதைப் பாத்தாலும் நடுத்தர சாம்பல் கலர்னு நினைச்சுக்கும். வெள்ளைச் சுவர் முன்னாடி நின்னா சுவர சாம்பலாக்க போட்டோவ இருட்டாக்கும், கறுப்பு நாய எடுத்தா நாய சாம்பலாக்கப் பாக்கும். அதனால வெள்ளை நிறைய இருந்தா எக்ஸ்போஷர் காம்பன்சேஷன பிளஸ் 1 பக்கம், கறுப்பு நிறைய இருந்தா மைனஸ் 1 பக்கம். நமக்குத் தோணறதுக்கு நேர் எதிரா இருக்கும், பத்து ஷாட் எடுத்தா கைக்கு வந்துடும்.

ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்த கூட்டிக் காட்டற அளவு) ஏறுமேன்னு பயந்து ஷட்டர மெதுவாக்கறவங்களுக்கு ஒண்ணு. கிரெயின் (புள்ளி புள்ளியா தெரியறது, நாய்ஸ்னும் சொல்வாங்க) இருக்கற ஷார்ப்பான போட்டோவ சரி பண்ணலாம், கிரெயினே இல்லாத ஆடிப்போன போட்டோவ தூக்கித்தான் போடணும். இன்னொண்ணு, ஐஎஸ்ஓ 400ல இருட்டா எடுத்துட்டு எடிட்ல ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) ஏத்தறதுக்கு பதிலா 1600ல சரியா எடுத்தா நாய்ஸ் பெரும்பாலும் அத விட மோசமா இருக்காது, நிறைய கேமராவுல நல்லாவே இருக்கும்.

4. காப்பி பண்ணுங்க, கார்ட தொடாதீங்க

வீட்டுக்கு வந்த உடனே முதல் வேலை இது. எடிட் இல்ல, போன்ல அனுப்பறது இல்ல.

வருஷம் மாசம் தேதி, அப்புறம் ஒரு வார்த்தை, இப்படி ஒரு ஃபோல்டர் போட்டு அதுல காப்பி பண்ணுங்க, உதாரணத்துக்கு 2024-08-11 மழை. வருஷத்த முன்னாடி போட்டா ஃபோல்டர் தானாவே வரிசைல நிக்கும். கட் பேஸ்ட் வேணாம், நடுவுல கேபிள் கழண்டா ரெண்டு பக்கமும் அரைகுறை. காப்பி முடிஞ்சதும் அதே ஃபோல்டர எக்ஸ்டர்னல் டிரைவுக்கும் ஒரு காப்பி.

ரெண்டு இடத்துலயும் இருக்குன்னு நாலு ஃபைல திறந்து பாக்கற வரைக்கும் கார்ட அழிக்காதீங்க. ஃபைல் பேர் தெரியுது, திறந்தா பாதி போட்டோ பச்சையா வருதுங்கறதெல்லாம் நடக்கும்.

லைட்ரூம்ல இம்போர்ட் பண்ணிட்டா போட்டோ லைட்ரூமுக்கு உள்ள போயிடுச்சுன்னு நினைக்கறவங்க நிறைய பேர். லைட்ரூம் கிளாசிக் உங்க ஃபைல் எங்க இருக்குங்கறத மட்டும்தான் குறிச்சு வெச்சுக்கும், நீங்க வெளிய போய் ஃபோல்டர் பேர மாத்தினாலோ நகத்தினாலோ அதுக்கு வழி தெரியாது, கேள்விக்குறி போட்டு நிக்கும். மாத்தணும்னா லைட்ரூமுக்கு உள்ள இருந்தே மாத்துங்க. எக்ஸ்டர்னல் டிரைவ்ல ராவ மட்டும் வெச்சா எடிட் எல்லாம் சேஃப்னு அர்த்தம் இல்ல, எடிட் கேட்டலாக்ல (லைட்ரூம் தன் குறிப்பெல்லாம் வெச்சுக்கற ஃபைல்) இருக்கு, அதையும் சேத்து காப்பி எடுக்கணும்.

5. கழிக்கறது

200 எடுத்தா 10 தேறினா பெரிய விஷயம். எடிட் பண்றதுக்கு முன்னாடி கழிக்கணும், ஏன்னா ஒரு போட்டோவுக்கு அரை மணி நேரம் செலவழிச்சப்புறம் அத விட மனசு வராது, சுமாரான போட்டோவா இருந்தாலும் போஸ்ட் பண்ணத் தோணும்.

ரெண்டு சுத்து போங்க. முதல் சுத்து வேகமா, ஒரு போட்டோவுக்கு ரெண்டு செகண்ட், ஃபோகஸ் இல்ல, கண்ணு மூடியிருக்கு, ஆடிடுச்சு, இதெல்லாம் ரிஜக்ட். அழகு பத்தி யோசிக்கவே வேணாம். ரெண்டாவது சுத்துல ஒரே மாதிரி இருக்கற ஏழு போட்டோல ஒண்ண எடுங்க. இங்க 100 சதவீதம் ஜூம் பண்ணி கண்ணுல ஃபோகஸ் இருக்கான்னு பாருங்க, சின்னதா பாக்கறப்ப எல்லாமே ஷார்ப்பாத்தான் தெரியும்.

முடிஞ்சா ரெண்டாவது சுத்த மறுநாள் வைங்க. எடுத்த அன்னைக்கு அந்த இடத்தோட நினைப்பு, எவ்ளோ கஷ்டப்பட்டு மேல ஏறி எடுத்தோம்ங்கறது, இதெல்லாம் சேந்துதான் போட்டோ தெரியும். பாக்கறவங்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியப்போறதில்ல.

6. எடிட், இதே வரிசைல

முதல்ல லென்ஸ் கரெக்‌ஷன். புரொஃபைல் ஆன் பண்ணா வளைஞ்ச கோடு நேராகும், மூலைல இருக்கற இருட்டு போகும். மூலை வெளிச்சம் மாறுதுன்னா அதுக்கு முன்னாடி எக்ஸ்போஷர் பாத்து பிரயோஜனம் இல்ல, அதான் இது முதல்ல.

அடுத்து நேராக்கறதும் கிராப்பும். நிறைய பேர் கிராப்ப கடைசில வெப்பாங்க. நான் முன்னாடி வைக்கச் சொல்றேன், ஏன்னா ஓரத்துல வெள்ளையா ஒரு ஜன்னல் இருந்தா அதைப் பாத்தே எக்ஸ்போஷர குறைச்சுக்கிட்டு இருப்பீங்க, அப்புறம் அந்த ஜன்னல கிராப் பண்ணி எடுத்ததும் மிச்ச போட்டோ இருட்டா நிக்கும். கடல், ஏரி இருந்தா கோடு நேரா இருக்கணும், ஒரு டிகிரி சாஞ்சாலும் தண்ணி ஒரு பக்கமா கொட்டற மாதிரி இருக்கும். ஆள கிராப் பண்ணும்போது மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால்ல வெட்டாதீங்க, மூட்டுக்கு கொஞ்சம் மேல வெட்டுங்க.

மூணாவது வைட் பேலன்ஸ். கலர் சம்பந்தப்பட்ட எல்லாத்துக்கும் இதான் அஸ்திவாரம். டிராப்பர் எடுத்து சாம்பல் கலர் இடத்துல கிளிக் பண்ணுங்க, ரோடு, சிமெண்ட் சுவர், இல்ல வெளுத்துப்போகாத வெள்ளைத் துணி. வெளுத்துப்போன வெள்ளைல கிளிக் பண்ணா அங்க கலர் தகவலே இல்ல, கன்னாபின்னான்னு போகும். நடு வெயில் 5500 கெல்வின் பக்கம் வரும், பழைய மஞ்சள் பல்பு 2700, 3000 பக்கம். ஆனா எல்லாத்தையும் நடுநிலையாக்கணும்னு இல்ல, சாயந்தர வெளிச்சத்துல எடுத்தத சரி பண்றேன்னு மஞ்சள எடுத்துட்டா அப்புறம் அந்த நேரத்துல போய் எடுத்ததுக்கு என்ன அர்த்தம்?

நாலாவது எக்ஸ்போஷர், அதுக்கப்புறம்தான் ஹைலைட்டும் ஷேடோவும். மொத்த வெளிச்சத்த எக்ஸ்போஷர்ல சரி பண்ணிட்டு, மிச்சம் இருக்கற வெளுப்ப ஹைலைட்ல இறக்குங்க, இருட்ட ஷேடோல தூக்குங்க. வைட்ஸ், பிளாக்ஸ் ஸ்லைடர் நகத்தும்போது லைட்ரூம்ல ஆல்ட் கீய அழுத்திப் பிடிங்க, மேக்ல ஆப்ஷன் கீ, எந்தப் புள்ளி வெளுக்குது எது கறுக்குதுன்னு மட்டும் தனியா காட்டும். கறுப்பு கொஞ்சம் இடத்துல கறுப்பாவே இருக்கட்டும். ஷேடோவ பிளஸ் 100, ஹைலைட்ட மைனஸ் 100 ரெண்டையும் சேத்து இழுக்கறதுதான் புதுசா வந்தவங்க எடிட்டுனு தூரத்துலயே காட்டிக்குடுக்கற விஷயம், வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னே தெரியாம போட்டோ தட்டையாயிடும். நிழல் இருந்தாத்தான் வெளிச்சம் தெரியும்.

ஹிஸ்டோகிராம் மலை மாதிரி நடுவுல இருக்கணும்னு யாரோ கிளப்பிவிட்டுட்டாங்க. ராத்திரி போட்டோன்னா இடது பக்கம்தான் குவியும், மூடுபனின்னா வலது பக்கம். ரெண்டு ஓரத்துலயும் சுவர் மாதிரி முட்டி நிக்குதான்னு மட்டும் பாருங்க.

அஞ்சாவது கலர். சாச்சுரேஷன் எல்லாக் கலரையும் ஒரே அளவுல ஏத்தும், வைப்ரன்ஸ் ஏற்கனவே மங்கலா இருக்கறத அதிகமா ஏத்தும், தோல் கலர கொஞ்சம் விட்டுவைக்கும். ஆள் இருந்தா வைப்ரன்ஸ். அதையும் விட நல்லது தனித்தனி கலர் பேனல். இலை ஏன் விஷப்பச்சையா இருக்குன்னு கேட்டா பதில் பெரும்பாலும் பச்சைல இல்ல, மஞ்சள்ல இருக்கு. இலைன்னு நாம நினைக்கறதுல பாதி கேமராவுக்கு மஞ்சள், மஞ்சளோட சாச்சுரேஷன கொஞ்சம் குறைச்சுப் பாருங்க, புல்லு புல்லு மாதிரி ஆகும்.

ஆறாவது மாஸ்க். மூஞ்சிய மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கறது, வானத்த மட்டும் இறக்கறது. அரை ஸ்டாப்புக்கு மேல போகும்போது ஓரத்துல வெள்ளையா ஒளிவட்டம் வருதான்னு பாருங்க, மரம் வானத்தோட சேர்ற இடத்துல அது முதல்ல தெரியும். கிளாரிட்டி (விவரத்த எடுத்துக்காட்டறது), டிஹேஸ் (புகைமூட்டத்த குறைக்கறது) ரெண்டையும் மூஞ்சி மேல போடாதீங்க, பத்து வயசு கூடிடும்.

கடைசில நாய்ஸ், அப்புறம் ஷார்ப்பனிங். இது கடைசிக்கு போனதுக்கு காரணம் ஷேடோ. ஷேடோவ தூக்கும்போதுதான் நாய்ஸ் வெளிய வரும், முன்னாடியே குறைச்சா எவ்ளோ குறைக்கணும்னு தெரியாது. 100 சதவீதத்துல வெச்சு செய்யுங்க, ஆனா தோல் மெழுகு மாதிரி ஆகற அளவுக்கு வேணாம். ஷார்ப்பனிங்ல மாஸ்கிங் ஸ்லைடர் இருக்கும், அத ஆல்ட் கீ பிடிச்சு நகத்தினா வெள்ளையா தெரியற இடம்தான் ஷார்ப் ஆகும், வானம் முழுக்க கறுப்பா ஆகற வரைக்கும் இழுங்க, இல்லேன்னா வானத்துல இருக்கற நாய்ஸையும் சேத்து ஷார்ப் பண்ணிக்கிட்டு இருப்பீங்க.

போன்ல பண்றவங்களுக்கும் இதே வரிசைதான். ஃபில்டர் போடணும்னா கலர் நேரத்துல போடுங்க, முதல்ல போட்டுட்டு அது மேல சரி பண்ணாதீங்க. ப்ரீசெட் (ரெடிமேடா வர்ற எடிட் செட்டிங்) வாங்கி "உங்களுக்கு வந்த மாதிரி எனக்கு வரல"ன்னு கேக்கறவங்களுக்கும் பதில் இங்கதான் இருக்கு, வைட் பேலன்ஸும் எக்ஸ்போஷரும் சரியா இருக்கற போட்டோ மேலதான் ப்ரீசெட் ஒழுங்கா உக்காரும்.

7. எழுந்து போங்க

எடிட் முடிஞ்சா உடனே எக்ஸ்போர்ட் வேணாம். கண்ணு பாத்துக்கிட்டே இருக்கற கலருக்கு பழகிடும், 20 நிமிஷம் கழிச்சு அது சாதாரணமா தெரியும், அதனால இன்னும் கொஞ்சம் ஏத்துவோம். எழுந்து போய் தண்ணி குடிச்சுட்டு வந்து பாருங்க. முன்ன பின்ன மாத்தி மாத்தி பாருங்க, லைட்ரூம் கிளாசிக்ல டெவலப் பக்கத்துல பேக்ஸ்லாஷ் கீ. எடிட் பண்ணாதது நல்லா இருக்கற மாதிரி ஒரு கணம் தோணுச்சுன்னா எங்கயோ ஓவரா போயிட்டீங்க.

8. எக்ஸ்போர்ட்

கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி, பெரும்பாலான ஸ்கிரீனும் தளமும் எதிர்பாக்கறது இதான். கம்ப்யூட்டர்ல கலர் பளிச்சுன்னு இருந்துச்சு, போட்டதும் செத்துப்போச்சுன்னா பெரும்பாலும் அடோபி ஆர்ஜிபில எக்ஸ்போர்ட் ஆகியிருக்கும். கலர் புரொஃபைல படிக்காத ஆப்ல அது மங்கலாத்தான் தெரியும்.

அளவு. 24 மெகாபிக்சல் போட்டோ 6000க்கு 4000 பிக்சல் இருக்கும், அப்படியே போட்டா தளம் தன் இஷ்டத்துக்கு சின்னதாக்கி கசக்கும். நீங்களே சின்னதாக்கிக் குடுங்க. பொதுவா நீள பக்கம் 2048 போதும், இன்ஸ்டாகிராமுக்கு அகலம் 1080, செங்குத்து போட்டோன்னா 1080க்கு 1350. ஜேபெக் குவாலிட்டி 80, 85 போதும், 100 வெச்சா ஃபைல் வீங்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அவுட்புட் ஷார்ப்பனிங் ஸ்கிரீன்னு வைங்க, சின்னதாக்கும்போது போற ஷார்ப்ப அது திரும்பக் கொண்டுவரும்.

பிரிண்ட்டுக்கு வேற கணக்கு. இஞ்சுக்கு 300 பிக்சல், அப்ப 8க்கு 10 இஞ்சு பிரிண்ட்டுக்கு 2400க்கு 3000 பிக்சல் வேணும். நெட்டுக்கு எடுத்த ஃபைலையே பிரிண்ட்டுக்கு குடுத்து ஏமாறாதீங்க, ராவுல இருந்து மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணுங்க. வாட்ஸப்ல நண்பருக்கு முழு குவாலிட்டில அனுப்பணும்னா போட்டோவா அனுப்பாம டாகுமெண்ட்டா அனுப்புங்க.

எக்ஸ்போர்ட் பண்ண ஜேபெக்க திறந்து எடிட் பண்ணி சேவ், மறுபடி திறந்து சேவ், இது வேணாம். ஒவ்வொரு சேவுக்கும் கொஞ்சம் தகவல் போகும்.

9. போடறதும் கேக்கறதும்

போடறதுக்கு முன்னாடி லொகேஷன எடுத்துடுங்க. போன்ல எடுத்த போட்டோவுக்குள்ள ஜிபிஎஸ் உக்காந்திருக்கும், வீட்டுல எடுத்ததுன்னா வீட்டு இடமே உள்ள இருக்கு. எக்ஸ்போர்ட்ல லொகேஷன் மட்டும் நீக்கற ஆப்ஷன் இருக்கும், அபர்ச்சர் ஷட்டர் விவரம் இருந்துட்டுப் போகட்டும், யாராவது கேப்பாங்க. அடுத்தவங்க மூஞ்சி தெளிவா தெரிஞ்சா, முக்கியமா குழந்தைங்கன்னா, கேட்டுட்டு போடுங்க.

ஒரே இடத்துல எடுத்த 14 போட்டோவ வரிசையா கொட்டாதீங்க. பாக்கறவர் மனசுல நிக்கறது எல்லாத்தோட சராசரி, அதனால மூணு போட்டா மூணும் நல்லா இருக்கும், பதினாலு போட்டா பதினொண்ணு சேந்து அந்த மூணையும் கீழ இழுக்கும்.

கருத்து கேக்கறதுலயும் ஒரு வழி இருக்கு. எப்படி இருக்குன்னு கேட்டா சூப்பர்னு வரும், அத வெச்சு என்ன பண்றது? "மூஞ்சிய விட பின்னாடி இருக்கற சுவர் முதல்ல கண்ணுல படுதா?" இப்படி ஒரே கேள்வியா கேளுங்க. எந்த லென்ஸ், என்ன ஷட்டர், எடிட்ல என்ன பண்ணீங்கன்னு ரெண்டு வரி கூட போடுங்க, அப்பதான் தெரிஞ்சவங்க எந்த இடத்துல தப்புன்னு சொல்ல முடியும். எடிட் பண்ணாத போட்டோவையும் பக்கத்துல போட்டா இன்னும் நல்லது, கூச்சமா இருக்கும், ஆனா உருப்படியான பதில் அதுக்குத்தான் வரும்.

எல்லாம் முடிஞ்சு, ரெண்டு டிரைவ்லயும் ஃபைல் இருக்குன்னு இன்னொரு தடவை பாத்துட்டு, கார்ட திரும்ப கேமராவுல போட்டு, கம்ப்யூட்டர்ல இல்லாம கேமரா மெனுவுல இருந்தே ஃபார்மட் குடுங்க. அப்படியே பேட்டரிய சார்ஜ்ல போட்டுடுங்க.